மாதையன் குடுத்த பத்து நம்பர்

முதல்லயே சொல்லிடறேன், எனக்கு இந்தப் பேய் பிசாசுல எல்லாம் துளியும் நம்பிக்கை கிடையாது. நாங்க பரம்பரையா வேதக்காரங்க. எங்க வூட்டுல யாராச்சும் புளியமரத்துக்கிட்ட என்னமோ பாத்தேன்னு வந்து சொன்னா எங்கப்பா முழங்கால் போட வச்சு ஜெபமாலை முழுசும் சொல்ல வைப்பாரு, அந்த வலியிலயே பேய் ஓடிடும். ரயில்வேல முப்பத்துநாலு வருஷம் உத்தியோகம் பாத்தவன் நான். தண்டவாளத்துல கெடந்த பொணத்தைத் தள்ளி வச்சுட்டு வந்து அதே கையைக் கழுவிட்டு சாப்பிட்டிருக்கேன், ஒருத்தரும் எந்திரிச்சு வந்து ஏன்டான்னு கேட்டதில்ல. அப்படிப்பட்ட ஆளு சொல்றேன். நம்பினா நம்புங்க, நம்பாட்டிப் போங்க.

இத்தனை வருஷம் கழிச்சு இதை வாய்விட்டுச் சொல்ல வச்சது என் மாப்பிள்ளை. பெங்களூர் கம்பெனியில வேலை, இப்போ தருமபுரியில எங்க வூட்டு மாடியில உக்காந்துக்கிட்டே பாக்குறாரு. வெப்சைட்டுல எங்கெங்க ஓட்டை இருக்குன்னு கண்டுபிடிச்சுச் சொல்றதுதான் அவருக்கு வேலை. நல்ல பொழப்பு. ஓட்டை இருக்குன்னு சொன்னா இவங்களுக்கு சம்பளம் குடுக்கறாங்க, எங்க காலத்துல மெமோ குடுப்பாங்க. போன மாசம் என் பேத்தி படிக்கிற ஸ்கூல் வெப்சைட்டுல யாரோ பூந்துட்டாங்கன்னு இவரைக் கூப்பிட்டாங்க. என்ன ஆச்சுன்னு கேட்டேன்.

“சைட்டு நல்லாத்தான் இருக்குதுங்க மாமா. பேரண்ட்ஸுக்கு மெசேஜ் அனுப்பறதுக்குன்னு வேற எவனோ செஞ்ச பிளகின் ஒண்ணை அதுல ஒட்ட வச்சிருக்காங்க, ஓட்டை அதுலதான். அதை அடைச்சு புதுசு வுட்டு மூணு மாசம் ஆச்சு, இங்க யாரும் மாத்தல”ன்னாரு.

பூந்தவன் யாரு என்னன்னு அது பாக்காதான்னு கேட்டேன்.

“உள்ள பூர நெம்பர் சரியா இருந்தா அது வுட்டுருமுங்க மாமா. குடுக்கறது யாருன்னு பாக்காது.”

அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் எந்திரிச்சுக் கீழ எறங்கி வந்துட்டேன். ஏன்னா அதே மாதிரி ஒரு ஓட்டையை நான் என் கையாலயே போட்டவன். ஸ்கூல் விஷயத்துக்கு அப்புறமா வர்றேன், மொதல்ல இதைக் கேளுங்க.

எண்பத்தஞ்சு, எண்பத்தாறு வாக்குல நான் அசிஸ்டெண்ட் ஸ்டேஷன் மாஸ்டர். மொரப்பூருக்கும் பொம்மிடிக்கும் நடுவுல ஒரு சின்ன ஸ்டேஷன்னு வச்சுக்குங்க, பேரு வேண்டாம். அங்கிருந்து ரெண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு லெவல் கிராசிங், மண்ரோடு. அந்த கேட்டுக்கும் சிக்னலுக்கும் எந்த சம்பந்தமும் கிடையாது, கேட் ஆன்னு திறந்து கெடந்தாலும் நான் லீவரை இழுத்தா சிக்னல் இறங்கும், வண்டி போயிரும். நடுவுல இருந்ததெல்லாம் கைப்பிடியைச் சுத்தற ஒரு பழைய போனும், பிரைவேட் நம்பரும்தான்.

பிரைவேட் நம்பர்னா பெரிய விஷயமில்ல. கேட்மேன்கிட்ட அச்சடிச்ச தாள் ஒண்ணு இருக்கும், முழுக்க ரெண்டு இலக்க நம்பர், வரிசை இல்லாம கலைச்சுப் போட்டிருக்கும். வண்டி வர்றதுக்கு முன்னாடி நான் போன் பண்ணி கேட்டை மூடச் சொல்லணும். அவன் மூடிப் பூட்டிட்டு வந்து, அடுத்த நம்பர் எதுவோ அதைப் படிச்சுச் சொல்லிட்டுத் தாள்ல கோடு போட்டு அடிச்சிடணும். நான் அதை ரிஜிஸ்டர்ல எழுதிட்டு சிக்னலைப் போடணும். அடுத்த நம்பர் என்னன்னு எனக்குத் தெரியவே தெரியாது, அவன் சொன்னாத்தான் உண்டு. அதனால ரிஜிஸ்டர்ல நம்பர் இருந்தா கேட் பூட்டியிருக்குன்னு அர்த்தம். அழகான ஏற்பாடு, என்னை மாதிரி ஒருத்தன் கைவைக்காத வரைக்கும்.

கேட்மேன் பேரு மாதையன். பென்னாகரம் பக்கத்து ஆளு, வூட்டுல கன்னடம் பேசற குடும்பம். நம்மகிட்ட தமிழ் நல்லாப் பேசுவான், ஆனா எண் மட்டும் வாயில கன்னடத்துலதான் வரும். நாப்பத்தேழுன்னா நலவத்தேளும்பான். தமிழ்ல சொல்லுடான்னு நான் கிண்டல் பண்ணுவேன், அவனும் சொல்லிப் பாப்பான், முப்பத்தாறை அறுபத்துமூணுன்னு உளறுவான், சரி உன் பாஷையிலயே சொல்லித் தொலைன்னு விட்டுட்டேன். என்னை விட பத்து வயசு மூத்தவனை நான் வாடா போடான்னுதான் பேசுவேன், அவன் என்னை சார்ங்க சார்ங்கம்பான். அப்ப எனக்கு அது தப்பாவே படல.

ஆளு மகா நிதானம். கேட்டை மூடுவான், பூட்டைப் போடுவான், மூணு தடவை இழுத்துப் பாப்பான், அப்புறம் ரெண்டு பக்கமும் தண்டவாளத்தைப் பாப்பான், அதுக்கப்புறம்தான் மெல்ல நடந்து போனுக்கு வருவான். இந்தப் பக்கம் வண்டி சிக்னல்ல நின்னு ஊதும், கண்ட்ரோல் ஆபீஸ்ல இருந்து எவனோ ஒருத்தன் ஏன்யா மூணு நிமிஷம் லேட்டுன்னு என் காதுல கத்துவான். எனக்கு இருபத்தெட்டு வயசு, சீக்கிரம் பெரிய ஸ்டேஷனுக்குப் போகணும்னு ஆசை, என் பேர்ல லேட்டுன்னு ஒண்ணு விழக்கூடாது. அதனால ஒரு குறுக்கு வழி கண்டுபிடிச்சேன்.

என் டூட்டியில பத்து வண்டி. டூட்டி ஏறினதுமே மாதையனைக் கூப்பிட்டு அடுத்த பத்து நம்பரையும் மொத்தமா வாங்கி ஒரு துண்டுச் சீட்டுல எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில வச்சுக்கறது. வண்டி வரும்போது போனை நீளமா ரெண்டு தடவை சுத்துவேன், பேச்சே கிடையாது, அவன் மணி கேட்டு மூடிக்கணும். நான் சீட்டைப் பாத்து நம்பரை எழுதிட்டு சிக்னலைப் போட்டுருவேன். ரிஜிஸ்டரைப் புரட்டிப் பாத்தா ஒரு குறை சொல்ல முடியாது.

மாதையன் ஒத்துக்கல. “சார், பூட்டாத கேட்டுக்கு நெம்பரு குடுத்தா அது பொய்யிங்க சார்”ன்னான். அதுக்கு முந்தின வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு லீவு சொல்லாம குடும்பத்தோட ஒகேனக்கலுக்குக் குளிக்கப் போயிட்டான், நான்தான் ஒடம்பு சரியில்லைன்னு எழுதிக் காப்பாத்தி விட்டிருந்தேன். அதை இப்ப எடுத்தேன். நம்பரைக் குடுக்குறியா, இல்ல அந்த ரிப்போர்ட்டை இப்ப எழுதட்டுமான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் போன்ல மூச்சு மட்டும் கேட்டுச்சு. அப்புறம் ஒவ்வொண்ணா சொல்ல ஆரம்பிச்சான். ஆனா அவனும் ஒரு பிடிவாதக்காரன், நம்பரை முன்னாடியே குடுத்தாலும் தாள்ல அடிக்கறது கேட்டைப் பூட்டின பிறகுதான். அதுல மட்டும் பொய் சேர்க்கல.

எட்டு மாசம் ஜம்முன்னு போச்சு. என் டூட்டியில வண்டியே நிக்காது, கண்ட்ரோல்ல என்னை மெச்சிக்கிட்டாங்க.

சித்திரை மாசம், மாங்கா சீசன். அன்னிக்கு அவன் குடுத்த பத்தும் இன்னும் மனப்பாடம்: முப்பத்தாறு, எழுபத்தொண்ணு, இருபத்தஞ்சு, தொண்ணூத்துநாலு, பன்னெண்டு, அம்பத்தெட்டு, அறுபத்துமூணு, பத்தொம்பது, எண்பத்திரெண்டு, நாப்பத்தேழு. மத்தியானம் ஆறாவது வண்டிக்குப் போனைச் சுத்தறேன், கைப்பிடி லேசா சுத்துது. அந்தப் போன்ல ஒரு விஷயம் உண்டு, லைன் சரியா இருந்தா கைப்பிடி கனமா இருக்கும், லைன் அறுந்திருந்தா காத்தாடி மாதிரி சுத்தும். எனக்கு அது நல்லாத் தெரியும். தெரிஞ்சும் அம்பத்தெட்டுன்னு எழுதிட்டு சிக்னலை இழுத்தேன்.

மணி அடிக்கல, மாதையனுக்கு வண்டி வர்றதே தெரியல. மாங்கா ஏத்தின மாட்டுவண்டி ஒண்ணு பாதித் தண்டவாளத்துல. ரயில் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் மாடு ரெண்டையும் அவுத்து விட்டிருக்கான், வண்டிக்காரனைத் தள்ளி விட்டிருக்கான், மாதையன் மட்டும் தப்பிக்கல. தொடைக்குக் கீழ ரெண்டு காலும் இல்ல.

நானும் ஸ்டேஷன்ல எனக்குக் கீழ வேலை பாத்த பாயிண்ட்ஸ்மேன் கோவிந்தனும் சைக்கிள்ல போய்ச் சேர்ந்தோம். கோவிந்தனை ஆள் கூட்டிட்டு வர அனுப்பினேன். இப்ப நான் சொல்றதைக் கேட்டா நீங்க என் மூஞ்சியில துப்பலாம், பரவால்ல. மாதையன் ஜல்லி மேல கெடந்து தண்ணி தண்ணின்னான். நான் நேரா கேட் ரூமுக்குள்ள போனேன். போன்ல ஒரு ஒயர் கழண்டு தொங்குச்சு, அதை முறுக்கி மாட்டினேன். தாள்ல அம்பத்தெட்டு அடிக்காம இருந்துச்சு, அவன் பென்சிலை எடுத்து நானே அடிச்சேன். அதுக்கப்புறம்தான் பானையில தண்ணி மொண்டேன். திரும்பிப் பாத்தா கதவு வழியா என்னையே பாத்துக்கிட்டிருக்கான்.

பெரிய ஆஸ்பத்திரியில மறுநாள் வரைக்கும் உசிரு இருந்துச்சு. விசாரணைக்கு ஆள் வர்றதுக்கு முன்னாடி நான் போய்ட்டேன். யாராச்சும் கேட்டா போன் வந்துச்சு, மூடறதுக்கு முன்னாடியே நம்பரைக் குடுத்துட்டேன்னு சொல்லு, உன் சம்சாரத்துக்கு வேலை வாங்கித் தர்றது என் பொறுப்புன்னு சொன்னேன். மாதா மேல சத்தியம் பண்ணேன். சரிங்க சார்னான். அப்படியே சொல்லி ரேகையும் வச்சான். நான் கிளம்பறப்போ கூப்பிட்டு மெதுவா ஒண்ணு சொன்னான். “பத்து குடுத்தனுங்க சார். ஆறு ஆச்சு. மிச்சம் நாலு இருக்குது.” அதையெல்லாம் விட்டுத் தள்ளுன்னேன். “இல்லீங்க சார், குடுத்தது வீணாப் போவக்கூடாது. நானே சேத்துருவனுங்க”ன்னான். ஜன்னியில பேசறான்னு நெனச்சேன்.

அவனே தப்பை ஒத்துக்கிட்ட பிறகு குடும்பத்துக்கு எங்க வேலை குடுப்பாங்க? கிடையாதுன்னு எழுதிட்டாங்க. அவன் சம்சாரம் சின்னத்தாயி மஞ்சப் பையில சர்டிபிகேட்டுகளைச் சுருட்டி வச்சுக்கிட்டு மூணு தடவை ஸ்டேஷனுக்கு வந்துச்சு. வேப்பமரத்தடியில காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருக்கும். நான் பின்வாசல் வழியாப் போய்ட்டு, சார் லீவுன்னு கோவிந்தனை விட்டுச் சொல்லச் சொன்னேன். நாலாவது தடவை வரல. கல்லு உடைக்கப் போயிருச்சுன்னு கேள்விப்பட்டேன். எனக்கு அப்பாடான்னுதான் இருந்துச்சு, அதையும் சொல்லிடறேன்.

அந்த ஆடிப் பதினெட்டு. ஊரே ஒகேனக்கலுக்குப் போயிருச்சு, ஸ்டேஷன்ல நானும் கோவிந்தனும்தான். காத்துன்னா அப்படியொரு காத்து, பிளாட்பாரத்துல மண்ணு சுழண்டு அடிக்குது. கேட்டுக்குப் புது ஆளு, பச்சையப்பன், தருமபுரிக்காரன், அவனுக்குக் கன்னடத்துல ஒரு வார்த்தை தெரியாது. நானும் அந்தச் சீட்டு வேலையெல்லாம் விட்டுட்டேன். மூணு மணி வெயில்ல, சேலம் போற பாசஞ்சருக்காக போனைச் சுத்தினேன். கைப்பிடி காத்தாடி மாதிரி சுத்துச்சு. லைன் இல்லைன்னு வைக்கப் போறேன், குரல் கேக்குது. சாதாரணமா அந்தப் போன்ல கத்தினாத்தான் கேக்கும், இது பக்கத்துல நின்னு பேசற மாதிரி இருந்துச்சு.

“கேட்டு மூடியாச்சுங்க சார். எழுதிக்குங்க. அரவத்மூரு.”

பழக்கம் பாருங்க, என் கை பாட்டுக்கு ரிஜிஸ்டர்ல அறுபத்துமூணுன்னு எழுதிருச்சு. லீவர்ல கை வச்ச பிறகுதான் உறைச்சுது. நான் இன்னும் மூடுன்னு சொல்லவே இல்ல. அப்புறம், அது கன்னடம். அப்புறம், அது ஏழாவது நம்பர்.

எவனோ விளையாடறான்னு திரும்பச் சுத்தினேன். “கேட்டு மூடியாச்சுங்க சார். ஹத்தொம்பத்து.” பத்தொம்பது. யார்ரா அதுன்னு கத்தினேன். மூச்சு மட்டும் கேட்டுச்சு, நான் மிரட்டின அன்னிக்கு நம்பர் குடுக்கறதுக்கு முன்னாடி விட்ட அதே மூச்சு. மூணாவது தடவை நான் சுத்தவே இல்லைங்க. போன் தானா அடிச்சுது. “எம்பத்தெரடு”ன்னு மட்டும் சொல்லுச்சு. அந்த சீட்டை விபத்து நடந்த அன்னிக்கே கிழிச்சு ஸ்டேஷன் கிணத்துல போட்டுட்டேன், மாதையன் தாளை விசாரணைக்காரங்க கட்டி எடுத்துட்டுப் போய்ட்டாங்க, அதுல எந்தப் பத்தை எனக்குக் குடுத்தான்னு என்னையும் அவனையும் தவிர உலகத்துல யாருக்கும் தெரியாது.

சிக்னல்ல பாசஞ்சர் நின்னு ஊதுது, கண்ட்ரோல்காரன் கத்தறான், நான் லீவரைத் தொடல. சைக்கிளை எடுத்துட்டு போய்ப் பாத்துட்டு வாடான்னு கோவிந்தனை விரட்டினேன். அவன் வேத்து விறுவிறுத்துத் திரும்பி வந்தான். கேட் திறந்து கெடக்குது. ஒகேனக்கல்ல இருந்து வந்த டெம்போ ஒண்ணு அச்சு முறிஞ்சு தண்டவாளத்து மேலயே நிக்குது, உள்ள முழுக்க பொம்பளைங்களும் கொழந்தைங்களும், எறங்கவும் இல்ல. முந்தின வண்டி போனதுமே காத்துல போன் கம்பி அறுந்து கீழ கெடக்குது. போன் வரல, அதனால வண்டி இல்லைன்னு பச்சையப்பன் நிம்மதியா உக்காந்திருக்கான்.

குரல் கேட்டதை மட்டும் கோவிந்தன்கிட்ட சொன்னேன். மாதையன் எச்சரிக்கை பண்ணத்தான் வந்தான், அந்த ஜனங்களைக் காப்பாத்தினான்னு கோவிந்தன் சாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தான். அவனுக்கு சீட்டு விஷயம் தெரியாது. எனக்குத் தெரியும். திறந்து கெடக்கிற கேட்டுக்கு மூடியாச்சுன்னு மாதையன் மூணு தடவை நம்பர் குடுத்தான். நான் அவனுக்கு எதைக் கத்துக்குடுத்தேனோ, மிரட்டி மிரட்டிக் கத்துக்குடுத்தேனோ, அதைத்தான் செஞ்சான்.

இதுல கூத்து என்னன்னா, வண்டியை நிறுத்தி உயிர்களைக் காப்பாத்தினேன்னு எனக்குப் பாராட்டுக் கடிதம் குடுத்தாங்க. இன்னும் ஹால்ல மாட்டியிருக்கு, வர்றவங்ககிட்ட எல்லாம் என் சம்சாரம் காட்டும். அந்த ஞாயித்துக்கிழமையே கோயில்ல ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணப் போனேன். குரல் கேட்டதைச் சொன்னேன். நீ யாருக்காவது தீங்கு பண்ணினியான்னு கேட்டாரு. இல்லீங்க சாமின்னுட்டு வந்துட்டேன். அப்புறம் மாத்தல் வாங்கிட்டுப் போய், கேட் போனே இல்லாத ஸ்டேஷனாப் பாத்து வேலை செஞ்சு ரிட்டயர் ஆனேன். வூட்டுல போன் அடிச்சா எடுத்துப் பேச மாட்டேன், அந்தப் பக்கம் மொதல்ல பேசட்டும்னு சும்மா காதுல வச்சிருப்பேன். நாப்பத்தேழு மட்டும் பாக்கி இருந்துச்சே.

இப்ப ஸ்கூல் விஷயம். கொழந்தைங்க எல்லாம் உள்ள போயி ஸ்கூல் கேட்டை மூடினா பேரண்ட்ஸ் போனுக்கு ஒரு மெசேஜ் வரும். என் பேத்திக்கு என் போன் நம்பரைத்தான் குடுத்திருக்கு. போன மாசம் ஒருநாள், காலையில வர வேண்டிய மெசேஜ் மத்தியானம் மூணு மணிக்கு வந்துச்சு. இங்கிலீஷ்ல கேட் மூடியாச்சுன்னு இருந்துச்சு, அதுக்கு அடுத்து நாப்பத்தேழுன்னு ரெண்டு இலக்கம். நேரங்கெட்ட நேரத்துல வந்த அந்த மெசேஜுக்குத்தான் ஸ்கூல்ல மாப்பிள்ளையைக் கூப்பிட்டது. பிளகின் ஓட்டை வழியா எவனோ எல்லாருக்கும் ஒரே மெசேஜைத் தட்டி விட்டிருக்கான்னு சொன்னாரு. நான் ஸ்கூல் வேன் நிக்கிற இடத்துல பத்துப் பதினஞ்சு பேரோட போனை வாங்கிப் பாத்துட்டேன். அதே மெசேஜ், அதே நேரம், ஆனா ஒருத்தர் போன்லயும் நம்பர் இல்ல. மாப்பிள்ளைகிட்ட சொன்னா, “ஏதாச்சும் குப்பை சேந்து வந்திருக்கும், வுடுங்க மாமா. அதான் ஓட்டையை அடைச்சாச்சே”ங்கறாரு.

அடைச்சிருப்பாரு, கெட்டிக்காரரு. அன்னிக்கு பேத்தியும் நல்லபடியா வூடு வந்து சேர்ந்துட்டா, பையைத் தூக்கிப் போட்டுட்டு முறுக்கு கேட்டா. ஆனா எனக்குத் தூக்கம் போச்சு. தினம் மூணு மணிக்கெல்லாம் குடையை எடுத்துட்டு ரோட்டுல போய் நின்னுக்கறேன், வேன் வர்ற வரைக்கும் அங்கயேதான். தாத்தாவுக்குப் புத்தி பிசகிப் போச்சுன்னு பொண்ணு திட்டுது.

மாதையன் கடைசி நம்பரையும் குடுத்துட்டான். மூடியாச்சுன்னு அவன் சொன்னா என்ன அர்த்தம்னு எனக்குத்தான் தெரியும். எங்கயோ ஒரு கேட் திறந்து கெடக்குது. எந்த கேட்னுதான் தெரியல.